வளர்ச்சி தானாகப் பரவுவதில்லை: நிதி ஆயோக்கிற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி ஆயோக் துணைத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலத்தின் ஒரு பகுதியை வடக்குப் பீகாரிலும், பிற்பகுதியைத் திருப்பூரிலும் கழித்தேன். அங்கிருந்து வேலைக்குப் புறப்பட்ட இளைஞர்களையும், இங்கிருந்து அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தையும், அந்தப் பணம் ஊர் சேர்ந்த பிறகு என்ன ஆனது என்பதையும் இரு முனைகளிலும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த அனுபவத்தையும் அரசு அமைப்புகளே வெளியிட்டிருக்கும் புள்ளிவிவரங்களையும் வைத்து ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். இந்தியாவில் முன்னேறிய வட்டாரங்களின் வளர்ச்சி, பின்தங்கிய வட்டாரங்களுக்குக் கூலியாகப் போய்ச் சேர்கிறது. தொழிலாகப் போய்ச் சேரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் திட்டங்கள் இதுவரை போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

இடைவெளியின் அளவை நீங்கள் அறிவீர்கள். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 1960-61இல் நாட்டின் சராசரித் தலா வருமானத்தை 100 என்று வைத்தால் தமிழ்நாடு 109 ஆகவும் பீகார் 70 ஆகவும் இருந்தன. 2023-24இல் தமிழ்நாடு 171, பீகார் 33. ஜார்க்கண்ட் 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிரிந்து போனதால் சுரங்கங்களும் பெரும் ஆலைகளும் பீகாரின் கணக்கிலிருந்து நீங்கின என்பதை இந்த ஒப்பீட்டில் மறக்கக் கூடாது. ஆனால் பிரிவினைக்குப் பிறகான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் படம் மாறவில்லை. 2000-01இல் பீகாரின் அளவு 31. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 33. இந்த இடைக்காலத்தில் பீகார் தேங்கி நிற்கவில்லை. சாலைகள் வந்தன, மின்சாரம் வந்தது, சிறுமிகள் மிதிவண்டியில் பள்ளிக்குப் போனார்கள், மாநிலப் பொருளாதாரம் பல ஆண்டுகள் வேகமாக வளர்ந்தது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றின் குறைகளைக் கொண்டு வறுமையை அளக்கும் உங்கள் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படியே அங்கு வறியவர்களின் பங்கு 2015-16இல் ஏறத்தாழ 52 விழுக்காடாக இருந்து 2019-21இல் 34 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வளவு ஓடியும் அந்த மாநிலம் நாட்டின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கிலேயே நிற்கிறது. அதே குறியீட்டில் தமிழ்நாட்டின் அளவு 2.2 விழுக்காடு.

வளர்ச்சிப் பொருளியலாளர்கள் 1950களிலேயே இதற்குள் இயங்கும் இரு எதிர் விசைகளைப் பிரித்துக் காட்டினார்கள். வளரும் நகரம் சுற்று வட்டாரத்திலிருந்து பொருள்களை வாங்கி, தொழில்நுட்பத்தைப் பரப்பி, முதலீட்டை வெளியே அனுப்புவது ஒரு விசை. அதே நகரம் சுற்று வட்டாரத்தின் சேமிப்பையும் திறமையுள்ள இளைஞர்களையும் தன்பக்கம் இழுத்துக்கொள்வது மற்றொன்று. எது மேலோங்கும் என்பது இயற்கையால் தீர்மானிக்கப்படுவதில்லை. சாலை, கடன், கல்வி, ஆட்சி ஆகியவற்றால் தீர்மானிக்கப்படுகிறது. 1991 பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகான நம் கொள்கைச் சிந்தனையிலோ, நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சி, அந்த நீர் வாய்க்கால் வழியாகத்தான் ஓட வேண்டும் என்பது விடுபட்டுவிட்டது.

கிழக்கு இந்தியாவின் பின்தங்கலை அங்குள்ளவர்களின் குறையாகப் பேசுவோர் தெற்கில் உண்டு. அவர்களுக்கு வரலாற்றின் இரண்டு செய்திகளையாவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்திலும் பீகாரிலும் நிலத்தை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தது. உழுதவனுக்கு நிலத்தை மேம்படுத்த எந்தத் தூண்டுதலும் இல்லாமல் போனது. விடுதலைக்குப் பிறகு, 1950களில், சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை வந்தது. எஃகு போன்ற அடிப்படைப் பொருள்களை நாட்டின் எந்த மூலைக்குக் கொண்டு சென்றாலும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. அதன் விளைவாக, இரும்புத் தாதுவுக்கும் நிலக்கரிக்கும் பக்கத்தில் இருந்ததால் பீகார், வங்கம், ஒடிசா ஆகிய மாநிலங்களுக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய சாதகம் பறிபோனது. எஃகைப் பயன்படுத்தும் பொறியியல் தொழில்கள் துறைமுகமும் சந்தையும் இருந்த மேற்கிலும் தெற்கிலும் வேரூன்றின. 1990களின் தொடக்கத்தில் இந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது, இடம்பெயர்ந்த தொழில்கள் திரும்பிப் போகும் நிலையில் இல்லை. அந்த ஏற்பாட்டால் பயன்பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. தமிழ்நாட்டின் முன்னேற்றத்துக்குப் பள்ளிகளும் சத்துணவும் சாலைகளும் மின்சாரமும் பெருங்காரணங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் கணக்கில் கிழக்கின் இழப்பும் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும்.

இனி, இன்று பரவல் நடக்கும் வழிக்கு வருகிறேன். திருப்பூர் ரயில் நிலையத்தில் தன்பாத்–ஆலப்புழை விரைவு ரயில் நிற்கும் நேரத்தில் பார்த்தால் அந்த வழி கண்ணுக்குத் தெரியும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரத்தின் பனியன் கம்பெனிகளில், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தையல் இயந்திரங்களிலும் செக்கிங், பேக்கிங் பிரிவுகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் போகிறது. நான் பணியாற்றிய பீகார் கிளையில் மாதத்தின் இரண்டாம் வாரம் தொடங்கினால் பணம் எடுக்கப் பெண்களும் முதியவர்களும் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பணத்தால் கூரை வீடு செங்கல் வீடானது, மருத்துவக் கடன் அடைந்தது, மகளின் திருமணம் நடந்தது, தம்பி கோச்சிங் வகுப்பில் சேர்ந்தான். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோடிக்கணக்கான குடும்பங்கள் பசியிலிருந்து மீண்டது இந்தப் பணத்தால்தான்.

ஆனால் அந்தச் செங்கல் வீட்டுக்கான சிமெண்டும் கம்பியும், வாங்கிய கைபேசியும், மோட்டார் சைக்கிளும் அந்த மாவட்டத்தில் செய்யப்பட்டவை அல்ல. வந்த பணம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொழில் இருக்கும் மாநிலங்களுக்கே திரும்பிப் போனது. எஞ்சியது வங்கிச் சேமிப்பானது. அந்தச் சேமிப்புக்கு நேர்ந்ததைத்தான் என் துறை சார்ந்தவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் ஒவ்வொரு 100 ரூபாய் வைப்புக்கும் 100 ரூபாய்க்கு மேல் கடனாக மாநிலத்துக்குள்ளேயே வழங்கப்படுகிறது. பீகாரில் பல ஆண்டுகளாக அது 50 ரூபாயைக்கூட எட்டவில்லை; அண்மையில்தான் சற்று உயர்ந்திருக்கிறது. அதாவது, திருப்பூரிலும் சூரத்திலும் உழைத்துச் சேர்த்த கூலியின் மிச்சம், பீகார் கிராமத்து வங்கிக் கணக்கின் வழியாக மீண்டும் மும்பைக்கும் சென்னைக்கும் தொழிற்கடனாகப் போயிருக்கிறது. ஏழை வட்டாரம் பணக்கார வட்டாரத்துக்கு நிதி அளிக்கும் இந்த ஏற்பாட்டை எந்த அரசும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும், எந்த அரசும் அதைத் தடுத்ததாகவும் சொல்ல முடியாது.

வங்கியாளர்கள் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. நிலப் பதிவுகள் பாட்டன், பூட்டன் பெயரிலேயே நிற்கின்றன, பாகப்பிரிவினை ஆவணமாகவில்லை, அதனால் ஈடு வைக்கச் சொத்து இருந்தும் இல்லாத நிலை. ரிசர்வ் வங்கி 2021-22 முதல், வேளாண்மை, சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கான கடன் குறைவாக உள்ள மாவட்டங்களில் தரும் கூடுதல் கடனுக்கு 125 விழுக்காடு மதிப்பும், மிகுதியாக உள்ள மாவட்டங்களில் 90 விழுக்காடு மதிப்பும் அளித்து வங்கியின் கடன் இலக்கில் கணக்கிடுகிறது; அதாவது, முதல் வகை மாவட்டத்தில் தரும் 100 ரூபாய் 125 ரூபாயாக எண்ணப்படும். இது சரியான திசையில் எடுத்த அடி. ஆனால் ஒரு கிளை மேலாளரின் மேசையில் அந்த மதிப்பு எட்டுவதில்லை. கடன் வாராக்கடனானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கடன் தராமல் விட்டதற்கு அவரை யாரும் கேட்பதில்லை.

பரவல் தொழிலாகவே நடந்த இடமும் நம் நாட்டில் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களுக்குத் தேவையான பாடம் அங்குதான் இருக்கிறது. பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் ஓசூர் ஒரு காலத்தில் மழையை நம்பிய சிற்றூர். பெங்களூருவின் பொதுத்துறை ஆலைகளைச் சுற்றிப் பொறியியல் திறமை வளர்ந்துவந்த காலத்தில், 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. நிலத்தை முன்கூட்டியே கையகப்படுத்தி, மனைகளாகப் பிரித்து, சாலையும் மின்சாரமும் கொடுத்துக் காத்திருந்தது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும் அங்கு வந்தன. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுடன் கூட்டு முயற்சியாக டைட்டன் கடிகார ஆலை வந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் லேத் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. பெங்களூருவின் பொறியாளர் காலையில் எல்லை தாண்டி வந்து மாலையில் திரும்பினார்; ஓசூரின் ஐடிஐ மாணவர் உள்ளூரிலேயே வேலை பெற்றார். அண்டை மாநிலத் தலைநகரின் வளர்ச்சியைத் தன் மண்ணில் தொழிலாக மாற்றிக்கொள்ள ஒரு மாநில அரசு வேண்டுமென்றே எடுத்த முயற்சியின் பலன் இது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஓசூரைக் கடந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் தர்மபுரி. பெங்களூருவிலிருந்து அதிகத் தொலைவில்லை. 2004 வரை ஓசூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் தர்மபுரியின் கிராமங்களிலிருந்து கட்டட வேலைக்கு மக்கள் பெங்களூருவுக்கு இன்றும் பேருந்து ஏறுகிறார்கள். ஒரே பெருநகரின் வளர்ச்சி ஓர் ஊருக்குத் தொழிலாகவும், அடுத்த ஊருக்குக் கூலியாகவும் சென்றிருக்கிறது. தொலைவு மட்டும் இதை விளக்காது. முன்கூட்டியே செய்த ஏற்பாடு இருந்ததும் இல்லாததும்தான் விளக்கும்.

பெரிய ஆலை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் போதும் என்ற பழைய எண்ணமும் சரியன்று. பேகூசராய் மாவட்டத்தின் பரௌனியில் 1960களிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அனல்மின் நிலையமும் உர ஆலையும் வந்தன. அதனால் பீகாரில் தலா வருமானம் அதிகமுள்ள மாவட்டங்களின் வரிசையில் பேகூசராய் முன்னணியில் நிற்கிறது. அதே பேகூசராய், பின்தங்கிய மாவட்டங்களை மேம்படுத்த 2018 ஜனவரியில் நீங்கள் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தின் 112 மாவட்டங்களுள் ஒன்றாகவும் இருக்கிறது. ஆலையின் உற்பத்தி மதிப்பு மாவட்டக் கணக்கில் ஏறியது. ஆலைக்கு வெளியே அதைச் சார்ந்த சிறுதொழில் போதுமான அளவு உருவாகவில்லை. சுத்திகரிப்பு ஆலையின் மதில் சுவருக்கு இப்புறம் உள்ளவர்கள் இன்றும் ரயிலேறுகிறார்கள். ஜார்க்கண்டின் சுரங்க, எஃகு நகரங்களைச் சுற்றியும் இதே நிலையைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் வரிப் பகிர்வைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2021-26 காலத்துக்கான பதினைந்தாம் நிதிக் குழுவின் பரிந்துரையில், மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட வரித் தொகுப்பில் பீகாரின் பங்கு 10.058 விழுக்காடாகவும் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாகவும் இருந்தன. தாங்கள் செலுத்துவதில் மிகச் சிறு பகுதியே திரும்புகிறது என்ற வருத்தம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்காகவும் கல்வியில் முதலீடு செய்ததற்காகவும் ஒரு மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. மேல்வரிகள், கூடுதல் தீர்வைகள் வழியாக ஒன்றிய அரசு பகிர்வுக்கு வெளியே தொகையை வைத்துக்கொள்வது எல்லா மாநிலங்களுக்கும் இழைக்கப்படும் அநீதி என்பதிலும் எனக்குத் தெளிவு உண்டு. ஆயினும் பீகார் அரசின் வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒன்றியத்திலிருந்தே வருகிறது; அது நின்றால் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே பகிர்வின் அளவைக் குறைப்பதால் இந்தச் சிக்கல் தீராது. பகிர்வு மட்டுமே மாநிலங்களுக்கிடையே பாலமாக இருக்கும்வரை இந்தச் சண்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூர்மையடையும். கொடுப்பவர் சலிப்பார், பெறுபவர் அவமானப்படுவார். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது, ஒன்றுமறியாத தொழிலாளிகள் அஞ்சி ஊர் திரும்பியதைத் திருப்பூரில் பார்த்தேன். பொருளாதார இடைவெளி எவ்வளவு எளிதாக மக்களுக்கிடையிலான அச்சமாக மாற்றப்படுகிறது என்பதற்கு அந்தச் சில நாட்கள் போதும்.

இடைவெளி மாற்ற முடியாதது என்று சொல்ல வருகிறேன் என எண்ண வேண்டாம். அதே ஆலோசனைக் குழுவின் அறிக்கையில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியச் சராசரியில் பாதியைச் சற்றே தாண்டியிருந்த ஒடிசா 2023-24இல் 88 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. மறுபுறம், 1960-61இல் 127 விழுக்காடாக இருந்த மேற்கு வங்கம் 84 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. இரு திசைகளிலும் மாற்றம் நடக்கிறது.

தொழிலாகப் பரவுவதற்கான விதை கூலியாகப் பரவியதற்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பீகாரின் சன்பட்டியா காட்டியது. 2020 ஊரடங்கின்போது புலம்பெயர் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் மட்டும் நாடெங்கும் சுமார் 63 லட்சம் பேர் ஊர் திரும்பினார்கள். மேற்குச் சம்பாரண் மாவட்ட நிர்வாகம் திரும்பியவர்களை வெறும் நிவாரணப் பயனாளிகளாகப் பார்க்காமல், யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டுப் பதிவு செய்தது. சூரத்திலும் பிற நகரங்களிலும் துணித் தொழிலில் தேறியவர்கள் பலர் இருப்பது தெரிந்தது. பயன்படாமல் கிடந்த அரசுக் கிடங்கு இடம் கொடுக்கப்பட்டது, வங்கிக் கடனுக்கு நிர்வாகமே துணை நின்றது, நேற்றுவரை கூலியாக இருந்தவர்கள் சேலையும் சட்டையும் தயாரிக்கும் சிறு முதலாளிகள் ஆனார்கள். ஒரு மாவட்ட ஆட்சியரின் முனைப்பில் நடந்த இது ஏன் கொள்கையாகவில்லை என்பதே உங்களிடம் என் கேள்வி. திருப்பூரில் பத்தாண்டு வேலை செய்த ஒரு பீகார் டைலருக்குத் துணியின் தரம் தெரியும், இயந்திரம் தெரியும், கொள்முதல் செய்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதும் தெரியும். அவருக்கு இல்லாதவை கடன், கட்டடம், தடையற்ற மின்சாரம், ஆர்டர் கொடுக்கும் தொடர்பு ஆகியவையே.

நிதி ஆயோக்கின் வரம்பை அறிந்தே எழுதுகிறேன். 2015 ஜனவரி 1இல் திட்டக் குழுவின் இடத்தில் நீங்கள் வந்தபோது, நிதி ஒதுக்கும் பொறுப்பு உங்களுக்கு வழங்கப்படவில்லை. ஆனால் எல்லா முதலமைச்சர்களும் அமரும் ஆட்சிமன்றக் குழு உங்களிடம் இருக்கிறது. மாநிலங்களை ஒப்பிட்டு அளக்கும் பொறுப்பும் உங்களுடையதே. இவ்விரண்டையும் கொண்டு செய்யக்கூடியவற்றையே கேட்கிறேன்.

பெருநகர வட்டாரங்களை வளர்ச்சி மையங்களாக்கும் உங்கள் திட்டத்துக்கு முதலில் மும்பை, சூரத், வாரணாசி, விசாகப்பட்டினம் ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டன. வாரணாசியைச் சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் 2011 கணக்கெடுப்பில் மக்களில் 11 விழுக்காட்டினரே நகரங்களில் வாழ்ந்த பீகாருக்கு அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை; அதே ஆண்டில் தமிழ்நாட்டில் அந்த விகிதம் 48. பீகாருக்குள்ளும் பாட்னா மாவட்டத்தின் தலா வருமானம் சிவஹர் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்பதால், பாட்னாவை மட்டும் வளர்ப்பது போதாது. முசாபர்பூர், கயா, பாகல்பூர் போன்ற இரண்டாம் நிலை நகரங்களைச் சுற்றி ஓசூரில் செய்தது போன்ற முன்னேற்பாடு வேண்டும். அமிர்தசரஸ்–கொல்கத்தா தொழில் வழித்தடத்தில் கயாவுக்கு ஒரு தொழில் மையம் 2024 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அது பரௌனியைப் போலத் தனித்தீவாக நின்றுவிடாமல், சிறு ஆலைகளுக்கான மனைகளோடும் பயிற்சிக் கூடங்களோடும் வளர்வதை நீங்கள் கண்காணிக்க வேண்டும்.

முன்னேற விழையும் மாவட்டங்களை நீங்கள் அளக்கும் முறையில் உடல்நலமும் கல்வியும் உரிய இடம் பெற்றிருக்கின்றன. வங்கிக் கணக்கும் காப்பீடும் சிறுதொழிலுக்கான முத்ரா கடனும் எண்ணப்படுகின்றன. மாவட்டத்தில் திரண்ட வைப்பில் எவ்வளவு அங்கேயே கடனாயிற்று, எத்தனை பேர் மாதச் சம்பள வேலை பெற்றார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள், திரும்பியவர்களில் எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்பனவும் அந்த அளவையில் சேர வேண்டும். ஒரு மாவட்டம் தன் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்து, அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டாலும் இன்றைய தரவரிசையில் மேலே வர முடியும்.

அனுப்பும் மாநிலமும் பெறும் மாநிலமும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ள ஆட்சிமன்றக் குழுவில் வழி செய்யுங்கள். தமிழ்நாடும் பீகாரும், குஜராத்தும் ஒடிசாவும் முதலில் தொடங்கலாம். தொழிலாளியின் குழந்தைக்குத் தாய்மொழி ஆசிரியர், தங்குமிடம், காப்பீடு ஆகியவை ஒரு பக்கம். பின்னலாடை நிறுவனங்கள் தையல் பிரிவுகளை முசாபர்பூரிலோ சன்பட்டியாவிலோ அமைப்பதற்கான ஏற்பாடு மறுபக்கம். தமிழ்நாட்டில் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே 1.8 ஆகக் குறைந்துவிட்ட நிலையில், வருங்காலத்தில் ஆள் கிடைக்காத சிக்கலை எதிர்கொள்ளப் போகும் திருப்பூர் முதலாளிகளுக்கும் இதில் நலன் உண்டு.

இவை எதற்கும் அடிப்படை தரவு. 2011 கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணைகள் பல ஆண்டுகள் தாமதமாக வெளிவந்தன. 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில், எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்கு, எந்த வேலைக்காக மக்கள் சென்றார்கள் என்ற அட்டவணைகள் முதன்மை முடிவுகளோடு சேர்த்தே வெளியிடப்பட வேண்டும் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கு எழுத்துமூலம் பரிந்துரைக்குமாறும், ரிசர்வ் வங்கியின் மாவட்ட வாரியான வைப்பு, கடன் விவரங்களை அவற்றோடு இணைத்து ஆண்டுதோறும் உங்கள் ஆயோக்கே வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருப்பூர்